தளம் திறக்கிறது, கூகுளில் மட்டும் வரவில்லை

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறோம். நாகர்கோவிலில் ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்து, வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் எங்கள் தளத்தைப் புதிதாகச் செய்தோம். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கடைப் பெயரை அப்படியே தேடினாலும் கூகுளில் வரவில்லை. முகவரியை நேராக அடித்தால் திறந்தது. வெளியூர் ஆர்டர் நின்றே போனது.

படங்களைச் சுருக்கினோம், தலைப்புகளை மாற்றினோம், தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கூகுளுக்குக் கொடுத்தோம். பலன் இல்லை. அப்புறம் முகப்புப் பக்கத்தின் சோர்ஸை, அதாவது பின்னால் இருக்கும் குறியீட்டை, திறந்து பார்த்தால் 'நோஇண்டெக்ஸ்' (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே) என்று ஒரு வரி. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதியில், தேடுபொறிகள் வரவேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. வேலை நடக்கும்போது அதைப் போட்டுவைப்பது சரிதான். ஒப்படைக்கும்போது எடுத்திருக்க வேண்டும்.

டிக்கை எடுத்தோம். லாகின் செய்து பார்த்தால் அந்த வரி போயிருந்தது, ஆனால் லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் அப்படியே நின்றது! பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் கொடுக்கும் கேஷ் பிளகின் வெளியாட்களுக்குப் பழைய பக்கத்தையே கொடுத்துக்கொண்டிருந்தது. லாகின் செய்தவருக்கு அது தெரியாது. இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். கேஷைக் காலி செய்து, இன்காக்னிட்டோவில் உறுதிப்படுத்திக்கொண்டு, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேட்டோம். சில நாளில் முகப்பு வந்துவிட்டது, பெரிய நிம்மதி. மற்ற பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.