இரண்டு மீன்பெட்டியும் முப்பது கட்டமும்: மஞ்சள் காய்ச்சல் பரிசோதனையைப் பிள்ளைகளோடு கட்டிக் காட்டுவது எப்படி

விஞ்ஞானக் கண்காட்சிக்கு ‘நுளம்பும் நோயும்’ என்று தலைப்புக் கொடுத்தால், பிள்ளைகள் காலில் வெள்ளை வளையம் போட்ட நுளம்பைப் பெரிய மட்டையில் கீறிக்கொண்டு வருவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஒருமுறை தரம் 8 பிள்ளை ஒன்றிடம், “நுளம்புதான் நோயைக் கொண்டுபோகுது எண்டு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “நீங்கள்தானே டீச்சர் சொன்னீங்கள்” என்றது. இருபது வருஷத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அந்தப் பதில் மனதைக் குடைந்தது. நான் சொன்னதால் நம்புகிற பிள்ளை, நாளைக்கு இன்னொருவர் சொல்வதையும் அப்படியே நம்பும். அதனால்தான், மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுபோவது எது என்று கண்டுபிடிக்க 1900இல் கியூபாவில் நடந்த பரிசோதனையைப் பிள்ளைகளின் கையாலேயே கட்டவைக்கத் தொடங்கினேன். திருகோணமலையில் கிடைக்கிற சாமான்களே போதும்.

முதலில் மீன் வாடியில் சொல்லிவைத்து, பாவித்த றெஜிபோம் பெட்டி இரண்டு எடுங்கள். தேசிக்காய்த் தோலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். பிறகு உட்பக்கம் 14 அங்குலத்துக்கு 20 அங்குலம் வரும்படி வெட்டி ஒட்டுங்கள். அந்தப் பரிசோதனையை நடத்திய அமெரிக்கப் படை வைத்தியர் வோல்டர் ரீட்டின் குழுவினர், கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குப் பக்கத்தில் கட்டிய மர வீடுகள் 14 அடிக்கு 20 அடி. ஓரடிக்கு ஓர் அங்குலம் என்றால் கணக்குச் சரி. சுப்பர் குளூ மட்டும் வேண்டாம், றெஜிபோம் உருகிவிடும். மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைக் கம்மே நல்லது.

முதலாவது வீடு அழுக்குத் துணி வீடு. அந்தக் காலத்தில் நோயாளியின் பாய், போர்வை, சட்டையால்தான் மஞ்சள் காய்ச்சல் தொற்றுகிறது என்று நம்பினார்கள். அந்தத் துணிகளைக் கொளுத்தினார்கள், கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே மறித்துவைத்தார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்கத்தான் இந்த வீடு. காற்றோட்டமில்லாமல், அடுப்பு வைத்துச் சூடாக்கி, நோயாளிகளின் வாந்தியும் மலமும் பட்ட துணிகளைப் பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுபோனார்கள். 1900 நவம்பர் 30 தொடக்கம் ஒரு வைத்தியரும் இரண்டு படைவீரர்களும் அந்தத் துணிகளைப் பிரித்து உதறி, அவற்றிலேயே 20 இரவு படுத்தார்கள். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் மாறி மாறிப் படுத்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. தேயிலைச் சாயத்தில் தோய்த்த சீலைத் துண்டுகளை இந்தப் பெட்டிக்குள் நிரப்புங்கள். மீன் மணம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் பரவாயில்லை, குனிந்து பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்தட்டும். அந்த மூன்று பேரும் எதைச் சகித்தார்கள் என்று அப்போதுதான் விளங்கும்.

இரண்டாவது வீட்டுக்குள் எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். வெள்ளைச் சீலை விரித்த கட்டில்கள், நல்ல காற்றோட்டம். நடுவில் மட்டும் கூரை முதல் தரை வரை வலைத் தடுப்பு. பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றை இறுக்கி ஒட்டினால் போதும். தடுப்பின் ஒரு பக்கத்தில் நோயாளியைக் கடித்த நுளம்புகள் 15, மறுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 1900 டிசெம்பர் 21 அன்று ஜோன் மோரன் என்ற எழுதுவினைஞர் நுளம்புப் பக்கம் போய்ப் படுத்தார். வலைக்கு மற்றப் பக்கம் இரண்டு பேர் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருந்தார்கள். நத்தார் தினத்தன்று மோரனுக்குக் காய்ச்சல். மற்ற இருவரும் சுகமாகவே இருந்தார்கள். எங்கள் பெட்டியில் கறுப்பு மிளகு 15 எண்ணி ஒரு பக்கம் ஒட்டுகிறோம். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். வலையைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத இரண்டு பாதியைத் தன் கையால் கட்டிய பிள்ளைக்கு, கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று நான் வேறாக விளங்கப்படுத்தவேண்டி வந்ததில்லை.

வீடுகளைப் பலரும் செய்வார்கள். இனிச் சொல்லப்போகிற நாட்கட்டத்தைத்தான் விட்டுவிடுவார்கள். எனக்கு முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

நீளமான மட்டையில் 30 கட்டங்களை ஒரே வரிசையில் கீறுங்கள். ஒரு கட்டம் ஒரு நாள். அப்படி மூன்று வரிசை வேண்டும். முதல் வரிசை கார்லோஸ் ஃபின்லேக்கு. ஹவானாவைச் சேர்ந்த அந்த வைத்தியர் 1881இலேயே மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுபோவது நுளம்பு என்று சொன்னவர், எந்த இனம் என்றுகூடச் சரியாகப் பிடித்தவர். கிட்டத்தட்ட இருபது வருஷம் அவரை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. நோயாளியைக் கடித்த நுளம்பைச் சில நாளிலேயே அடுத்தவரைக் கடிக்கவிட்டார், நோய் தெளிவாக வந்து காட்டவில்லை. இந்த வரிசையில் முதல் கட்டத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்றும், நாலைந்து கட்டம் தள்ளி வெள்ளைப் பொத்தான் ஒன்றும் வையுங்கள். சிவப்பு நோயாளி, வெள்ளை நோய் வராதவர்.

இரண்டாவது வரிசை அமெரிக்க வைத்தியர் ஹென்றி கார்ட்டருக்கு. 1898இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் சின்ன ஊர்களில், ஒரு வீட்டில் முதல் நோயாளி வந்து இரண்டு மூன்று கிழமை போன பிறகுதான் அடுத்தவர்கள் விழுகிறார்கள் என்று அவர் குறித்துவைத்தார். நுளம்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாட்களை மட்டும் எண்ணினார்.

மூன்றாவது வரிசை ரீட் குழுவைச் சேர்ந்த வைத்தியர் ஜெஸி லாசியருக்கு. ஃபின்லே கொடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, கண்ணாடிக் குழாய்களில் நுளம்பு வளர்த்தவர் அவர். 1900 ஓகஸ்டில் ஒன்பது பேரைக் கடிக்கவிட்டும் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஓகஸ்ட் 27 அன்று அதே குழுவைச் சேர்ந்த வைத்தியர் ஜேம்ஸ் கரோல் கையை நீட்டினார். அவரைக் கடித்த நுளம்பு, 12 நாளுக்கு முன் இரண்டாம் நாள் காய்ச்சலில் கிடந்த ஒருவரைக் கடித்தது. கரோல் சாவின் விளிம்புவரை போய்த் தப்பினார். செப்டெம்பர் 25 அன்று லாசியர் மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்துபோனார், வயது 34. அவர் விட்டுப்போன குறிப்புப் புத்தகத்தின் நாட்கணக்கை வைத்துத்தான் ரீட் விடையைப் பிடித்தார்: காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் நுளம்பு கடிக்கவேண்டும், பிறகு ஏறக்குறைய 12 நாள் அந்தக் கிருமி நுளம்புக்குள் பெருகவேண்டும்.

பார்க்க வருகிறவர்களிடம் பொத்தானைக் கொடுத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தச் சொல்லுங்கள். ஏழாம் கட்டத்திலேயே அவசரப்பட்டுக் கடிக்கவிட்டால் நோய் வரவில்லை என்று வெள்ளை அட்டை, பன்னிரண்டைத் தாண்டினால் நோய் வந்தது என்று மஞ்சள் அட்டை. பெரியவர்களும் ஆறேழிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துகிறவரிடம் “ஃபின்லேயும் அங்கதான் நிண்டவர்” என்று பிள்ளை சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

நாட்கட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் உண்மையான போத்தல் இருந்தால் நல்லது. மாரி மழை முடிந்த தை மாதத்தில் யோகட் கோப்பை, சிரட்டை, பீலி எங்கு பார்த்தாலும் நுளம்புக் குடம்பி இருக்கும். ஜாம் போத்தலில் பத்துக் குடம்பிக்குமேல் வேண்டாம். வாயில் இரண்டு மடிப்பு வலை, அதற்குமேல் இரண்டு இறப்பர் வளையம். குடம்பி தலைகீழாகத் தொங்கி, வாற்பக்கக் குழாயால் நீர்மட்டத்தைத் தொட்டு மூச்செடுப்பதைக் கைவில்லையால் காட்டுங்கள். இன்னொரு போத்தலில் தேங்காயெண்ணெய் ஒரு படலம் வரும்படி விடுங்கள். மேலே வரும், முட்டும், உடம்பைச் சுழித்துக் கீழே போகும், திரும்ப வரும். கடைசியில் அசையாமல் போகும். 1901இல் ஹவானாவில் அமெரிக்கப் படை வைத்தியர் வில்லியம் கோர்காஸின் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பீப்பாய்களை மூடியும் எண்ணெய் விட்டும் செய்தது இதே வேலைதான். அந்த வருஷம் செப்டெம்பரோடு ஊரில் நோய் அடங்கியது.

ஒரு விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். ஒருமுறை வெள்ளிக்கிழமை பூரணை விடுமுறை என்பதை மறந்து, கூட்டுப்புழு வந்த போத்தலை ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் வலையில் ஒரு கிழிசல், போத்தலுக்குள் வெற்றுக் கூடுகள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியதைக் கண்ட ஊர் இது. அந்த வருஷம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்குமேல் டெங்கு. மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுபோகும் அதே ஈடிஸ் எஜிப்டை நுளம்புதான் டெங்கையும் கொண்டுபோகிறது. அன்றிலிருந்து கூட்டுப்புழு ஒன்று கண்ணில் பட்டாலே போத்தலுக்குள் கொதிநீர் ஊற்றிவிடுகிறேன்.

சுவரில் ஒரு தாளும் ஒட்டுங்கள்: சம்மதப் பத்திரம். ரீட் குழு, ஆபத்தை எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கியது, அதுவரை பெரும்பாலும் நடக்காத விஷயம். சம்மதித்தால் 100 டொலர் தங்கக் காசு, நோய் வந்தால் இன்னும் 100. கையெழுத்திட்டவர்களில் பலர் புதிதாக ஸ்பெயினிலிருந்து வந்த ஏழைகள். மோரனும் கிஸ்ஸிஞ்சர் என்ற படைவீரரும் காசு வேண்டாம் என்றார்கள். இல்லாதவனிடம் காசைக் காட்டிக் கேட்கும் சம்மதம் முழுச் சம்மதமா என்று தரம் 10 பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்க வாதாடியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் நடந்த இன்னொரு பரிசோதனையில் கிளாரா மாஸ் என்ற 25 வயதுத் தாதி இறந்தார். அவர் பெயரையும் தாளின் கீழே எழுதுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் கட்டாயம் கேட்பது, “இது செங்கமாரியா?” என்றுதான். இல்லை. மஞ்சள் காய்ச்சலில் ஈரல் பாதித்துக் கண் மஞ்சளாகலாம், ஆனால் அது வேறு வைரசு. ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது, ஆசியாவில் பரவியதில்லை. 1937இல் மக்ஸ் தைலர் உருவாக்கிய தடுப்பூசி இருக்கிறது. நோயுள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் எங்கள் நாடும் தடுப்பூசி அட்டை கேட்கிறது. பதில் சொல்லும் பிள்ளைக்கு இவ்வளவும் தெரிந்திருந்தால் போதும்.

கண்காட்சி முடிந்த அன்றே போத்தல்களில் கொதிநீர் ஊற்றி வெளியே கொட்டுங்கள். தண்ணீரைக் கொட்டியதோடு விடக்கூடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கண்ணாடியோடு ஒட்டிக் கறுப்பாக ஊசிமுனை அளவில் முட்டைகள் இருக்கலாம். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தும்பும் சாம்பலும் போட்டு உட்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.