பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரத்தில் எந்த மிஷின் இருக்கிறது? கண்டுபிடிக்கும் வழி

டயலில் உள்ள பெயரை நம்பி மிஷினை, அதாவது உள்ளே ஓடும் சக்கரத் தொகுதியை, இன்னதென்று சொல்லாதீர்கள். காரைக்குடியில் பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் முதலில் இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் வால்ஜூ, வீனஸ், லாண்டரோன், லெமானியா போன்ற சில நிறுவனங்கள் குரோனோகிராஃப் (பட்டனை அழுத்தி ஓட்டி நிறுத்தி நேரம் அளக்கும் தனி முள் உள்ள கடிகாரம்) மிஷின்களைச் செய்தன. அவற்றை வாங்கிக் கேஸும் டயலும் போட்டுத் தங்கள் பெயரில் விற்றவர்கள் ஏராளம். எனவே யாருமே கேள்விப்படாத பெயருள்ள கடிகாரத்திலும் அருமையான மிஷின் இருக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கினாலும், வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்தாலும், சோதிக்கும் முறை ஒன்றுதான்.

பின்மூடியைத் திறக்கும் முன்பே பாதி விவரம் தெரிந்துவிடும். சாவியை ஏழெட்டுச் சுற்று மட்டும் கொடுங்கள். கடிகாரம் ஓடவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், வற்புறுத்தினால் பல் தேயும். ஓடினால் மேல் பட்டனை அழுத்துங்கள். நடுவில் உள்ள நீண்ட முள் கிளம்பும். மறுபடி அதே பட்டனை அழுத்துங்கள். முள் நின்றால் அது வழக்கமான அமைப்பு. கீழ்ப் பட்டன் முள்ளை 12-க்குக் கொண்டுவரும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கீழ்ப் பட்டனை ஒரு முறை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தில் நின்று, இரண்டாம் அழுத்தில் 12-க்குத் திரும்பினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் லாண்டரோன் 48 அல்லது அதன் வழிவந்த மிஷின்தான். மேல் பட்டன் ஓட்ட மட்டும், கீழ்ப் பட்டன் நிறுத்தவும் திருப்பவும் என்பது அதன் தனிக்குணம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வழக்கமான அமைப்பில் முள் ஓடும்போது கீழ்ப் பட்டனை அழுத்துவது மிஷினுக்கு நல்லதல்ல.

அடுத்து டயலில் உள்ள சிறு வட்டங்களைப் பாருங்கள். 6 மணி இடத்தில் ஒரே ஒரு வட்டம், ஓடும் விநாடிக்குத் தனி முள் இல்லை, கையை அசைத்தால் சாவி ஏறுகிறது என்றால் 1969-இல் வந்த சீக்கோ 6139 என்று சந்தேகப்படலாம். பின்மூடியிலேயே 6139 என்று தொடங்கும் எண் இருக்கும். 12-இலும் 6-இலும் வட்டங்கள் இருந்தால் வீனஸ் 170-ஐ நினைவில் வையுங்கள். 3, 6, 9 என மூன்று வட்டங்கள் வால்ஜூ 72-இலும் உண்டு, வீனஸ் 178-இலும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுப்பதும் பயன்படும். நடு முள் ஒரு விநாடியில் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் மணிக்கு 18,000 துடிப்பு. பழைய மிஷின்கள் பெரும்பாலும் இதுதான். ஆறு என்றால் 21,600. சீக்கோ 6139 இந்த வகை. எட்டு என்றால் 28,800. 1970-களில் வந்த வால்ஜூ 7750 இதில் சேரும்.

இப்போது பின்மூடி. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி மிஷினுக்குப் பகை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் பட்டனை அழுத்தி, எது அசைகிறது என்று மட்டும் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவைச் சுற்றி நிற்கும் தூண்களைப் போல மேல்நோக்கிய சிறு தூண்களுடன் ஒரு சக்கரம் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு படி திரும்பினால் அது தூண் சக்கர மிஷின்: வால்ஜூ 23, 72, வீனஸ் 175, ஒமேகா 321 எல்லாம் இந்த வகை. சக்கரத்துக்குப் பதில் தட்டையான உருக்குத் தகடு இப்படியும் அப்படியும் நகர்ந்தால் கேம் மிஷின்: வீனஸ் 188, வால்ஜூ 7733, ரஷ்யாவின் போல்யோட் 3133. கேம் என்றால் மட்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒமேகாவே 1968-இல் தன் ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தில் 321-ஐ விட்டுக் கேம் வகையான 861-க்கு மாறியது.

உறுதியான சாட்சி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் இருக்கிறது. கடிகாரத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சத்தை அடித்து, சக்கரத்தின் கைகளுக்கு இடையே தெரியும் அடித்தட்டைப் பாருங்கள். நட்சத்திரக் குறி தெரிந்தால் வீனஸ். கேடயத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பழைய வால்ஜூ. அருகிலேயே 72, 188, 7733 என எண் பொறித்திருக்கும். மேலே சக்கரங்களைப் பிடித்திருக்கும் தகடான பாலத்தில் பளிச்சென்று பொறித்துள்ள பெயர் பெரும்பாலும் விற்ற நிறுவனத்துடையது, அதில் ஏமாறாதீர்கள். தூசி மறைத்தாலும் சாமணத்தை உள்ளே விடவே கூடாது. பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருளான கூந்தல் கம்பி ஒரு முறை வளைந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. சிறிய ரப்பர் ஊதியால் மெல்ல ஊதினால் போதும்.

வீனஸ் 175 என்று யாராவது விலை சொன்னால் கற்களின் (தேய்மானம் குறைய மிஷினுக்குள் பதிக்கும் சிறு கற்கள்) எண்ணிக்கையைக் கேளுங்கள். வீனஸின் உற்பத்தி இயந்திரங்களை வாங்கிச் சீனாவில் உருவான சீகல் மிஷின் தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும். 175-இல் 17 கற்கள். சீகலில் 19 அல்லது அதற்கு மேல்.

எண் கிடைத்ததும் வீட்டுக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "ஐயா போருக்கு முன்னால் ரங்கூனில் வாங்கியது" என்று ஆச்சி சொல்கிறார், உள்ளே லாண்டரோன் 48 இருக்கிறது என்றால் பொருந்தும். அது 1930-களிலேயே வந்துவிட்டது. உள்ளே போல்யோட் 3133 என்றால் பொருந்தாது. அது 1970-களில் வந்தது. அதற்காக ஆச்சியின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். பிற்காலத்தில் யாரோ மிஷினை மாற்றியிருக்கலாம், அல்லது ரங்கூன் கடிகாரம் அதே பெட்டகத்தில் வேறு துணியில் சுற்றிக் கிடக்கலாம். தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த எண்ணைத் தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். உதிரிபாகம் தேடும்போது டயல் பெயரால் பயனில்லை, இந்த எண்தான் வேண்டும். வால்ஜூ 72-க்கு 23-இன் பாகங்கள் பல அப்படியே பொருந்தும். ஆகவே, ஓடாத 23 ஒன்று மலிவாகக் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.