சார்ட்டில் கோடு போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்கு விலைச் சார்ட்டில், இறங்கும் விலையைத் தாங்கும் இடம் சப்போர்ட், ஏறும் விலையைத் தடுக்கும் இடம் ரெசிஸ்டன்ஸ். இந்தக் கோடுகளை நம்பலாமா என்று கேட்டால், அளவோடு நம்பலாம் என்பேன். ஒரு விலையில் முன்பு நிறையப் பேர் வாங்கியிருந்தால், விலை மறுபடி அங்கே வரும்போதும் வாங்கும் ஆர்டர்கள் காத்திருக்க வாய்ப்பு உண்டு. கோடு சொல்வது அவ்வளவுதான். விலை அங்கே திரும்பியே தீரும் என்று நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் பணம் போகிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, ஒரு மட்டத்தை ஒற்றை எண்ணாகப் பார்ப்பது. நிஃப்டியின் 20,000-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை 20 அன்று குறியீடு 19,992 வரை போய்த் திரும்பிவிட்டது. 20,000-ல் விற்கலாம் என்று ஆர்டர் போட்டுக் காத்திருந்தவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. செப்டம்பரில் 20,000-ஐத் தாண்டி, 15-ம் தேதி 20,222 வரை ஏறியது. பிரேக்அவுட் வந்துவிட்டது, அதாவது தடை உடைந்துவிட்டது என்று அங்கே வாங்கியவர்கள், அக்டோபர் கடைசியில் நிஃப்டி 19,000-க்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். அப்படியானால் அந்தத் தடை வேலை செய்ததா? செய்தது. ஆனால் அது 19,990-லிருந்து 20,220 வரை பரந்த ஒரு பட்டையாக இருந்தது. அகலம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் கோட்டுக்குப் பதில் பட்டை வரையுங்கள். கேண்டில்களின் (சார்ட்டில் விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குச்சிகள்) நுனிகள் எதுவரை போயின, முடிவு விலைகள் எங்கே நின்றன என்று பார்த்தால் அகலம் தானாகத் தெரியும்.

இதோடு ஒட்டியதுதான் ஸ்டாப்லாஸ் (விலை நமக்கு எதிராகப் போனால் நட்டத்தை நிறுத்தி வெளியேறும் ஆர்டர்) விஷயமும். பொருளியலாளர் கரோல் ஆஸ்லர் அந்நியச் செலாவணி ஆர்டர்களை ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லாபத்தை எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களிலேயே குவிகின்றன, ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அந்த எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன என்பது அவர் கண்டது. விலை ஏன் முழு எண்ணில் திரும்புகிறது, தாண்டிவிட்டால் ஏன் வேகமாக ஓடுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். 500 ரூபாய் சப்போர்ட் என்று எல்லோருக்கும் தெரிந்த பங்கில் 499-ல் ஸ்டாப்லாஸ் வைப்பது, கூட்டம் நிற்கும் இடத்திலேயே போய் நிற்பதுதான். பட்டையின் அடிப்பக்கத்துக்கும் கீழே, அந்தப் பங்கு வழக்கமாக ஒரு நாளில் ஆடும் ஆட்டத்தையும் கணக்கில் எடுத்து வையுங்கள். தூரம் கூடினால் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கோணங்கள். சார்ட்டில் கோணக் கோடுகள் போட்ட அமெரிக்க வர்த்தகர் டபிள்யூ. டி. கேனின் முறையில் 45 டிகிரிக் கோடு என்றால் ஒரு அலகு காலத்துக்கு ஒரு அலகு விலை. அவர் காலத்தில் வரைபடத் தாளில் கையால் வரைந்தார்கள், அளவுகோல் மாறாது. இன்று சார்ட்டை விரலால் இழுத்தாலே 45 டிகிரி 60 ஆகிவிடும். திரையில் தெரியும் கோணத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. நாளுக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் பொருள் உள்ள அளவு. அதிலும் ஒரு அலகு என்பது ஒரு ரூபாயா, நூறு ரூபாயா என்று முதலிலேயே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். விலைக்குப் பொருந்தும்வரை அலகை மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கோடு பொருந்தத்தான் செய்யும்.

ஃபிபோனாச்சியிலும் இதே ஆபத்து. ஓர் ஏற்றத்தில் எத்தனை சதவீதம் இறங்கியதும் விலை திரும்பலாம் என்று காட்டுவதற்கு 23.6, 38.2, 50, 61.8, 78.6 என்று ஐந்து கோடுகள். மூன்று ஏற்றங்களுக்குப் போட்டால் பதினைந்து. பிறகு விலை எங்கே திரும்பினாலும் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். அதைக் கணிப்பு பலித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

நீண்டகாலச் சார்ட்டில் அளவுகோலும் ஏமாற்றும். எம்ஆர்எஃப் பங்கு 2012-ல் 10,000 ரூபாயைத் தொட்டது, 2016-ல் 50,000, 2023 ஜூன் 13 அன்று 1 லட்சம். முதல் கட்டத்தில் ஐந்து மடங்கு, இரண்டாவதில் இரண்டே மடங்கு. சாதாரண அளவுகோலில் இரண்டாவதுதான் உயரமாகத் தெரியும். பல வருட ட்ரெண்ட்லைனை (விலை போகும் திசையைக் காட்டும் கோடு) லாக் அளவுகோலில், அதாவது சம சதவீத ஏற்றம் சம உயரமாகத் தெரியும் அளவுகோலில் போடுவதே சரி. போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) வந்த பங்கில் பழைய கோடுகளைச் சரிபாருங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததும் விலை பாதியானது. நோட்டில் எழுதி வைத்திருந்த அதற்கு முந்தைய மட்டங்களையும் பாதியாக்கினால்தான் பயன்படும்.

அப்புறம், எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் கோடு வரும். மூன்றாவது முறை விலை அங்கே வந்து என்ன செய்கிறது என்பதுதான் சோதனை. அது உடைத்துக்கொண்டு போனால், கோட்டைக் கொஞ்சம் சாய்த்துத் திரும்பப் பொருத்தாதீர்கள். அழித்துவிடுங்கள். பல முறை தொட்ட சப்போர்ட் பலமானது என்று சொல்வதையும் நான் முழுதாக ஏற்பதில்லை. குறுகிய காலத்தில் அடுத்தடுத்துத் தொட்டால், ஒவ்வொரு முறையும் அங்கிருந்த வாங்கும் ஆர்டர்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன.

கடைசியாக, கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேப்பிலிருந்து, அதாவது முந்தைய முடிவு விலையிலிருந்து தாவித் திறப்பதிலிருந்து, அது காப்பாற்றாது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்தன. மறுநாள் திங்கள்கிழமை காலை, வெள்ளியன்று 20,268-ல் முடிந்த நிஃப்டி 20,600-ஐ ஒட்டித் திறந்தது. விலை இறங்கும் என்று நிஃப்டி ஃபியூச்சரை (பின்னொரு தேதிக்கான ஒப்பந்தம்) விற்று வைத்துவிட்டு 20,300-ஐ ஒட்டி ஸ்டாப்லாஸ் போட்டவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. எனவே எத்தனை பங்குகள் வாங்குவது என்பதைக் கோட்டை வைத்து முடிவு செய்யாமல், தாங்கக்கூடிய நட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு சதவீதம் 2,000 ரூபாய். ஸ்டாப்லாஸ் தூரம் 25 ரூபாய் என்றால் 80 பங்குகள். செய்தி வரக்கூடிய வார இறுதிக்கு முன்னால் அதிலும் பாதி.