இரத்தக் குழாய் நார்அட்ரினலினை எங்கே எடுக்கிறது, எங்கே உடைக்கிறது: ஆர்கன் பாத்தில் பிரித்துப் பார்க்கும் முறை

சிம்பதெடிக் நரம்பு முனைகள் வெளியிடும் நார்அட்ரினலின் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது; பிறகு நரம்பு முனையும் குழாயின் மென்தசையும் அதை உள்ளே எடுத்து உடைக்கின்றன. இந்த இரு வழிகளையும் ஆர்கன் பாத்தில், அதாவது வெட்டியெடுத்த திசுவைக் கரைசலில் மாட்டிச் சுருக்கத்தை அளக்கும் கலத்தில், பிரித்துப் பார்க்கலாம். எந்தக் குழாயை எடுப்பது என்பதுதான் முதல் முடிவு. கைக்கு எளிது என்று எலியின் மார்புப் பெருந்தமனியை எடுப்பவர்கள் அதிகம். அதில் சிம்பதெடிக் நரம்பு முனைகள் மிகக் குறைவு என்பதால், நரம்பின் உள்ளெடுப்பைத் தடுத்தாலும், செறிவு கூடக் கூடச் சுருக்கம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் வரைகோடு அசையாது. நரம்பு அடர்ந்த வால் தமனியை எடுங்கள். வாலின் அடிப்பக்கத் தோலைக் கீறினால் நடுப் பள்ளத்தில், சவ்வுக்குக் கீழே இருக்கும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்பே கையில் இருக்க வேண்டும்.

திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசல் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, நீரேறிய மக்னீசியம் சல்பேட் 0.29, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2.0 கிராம். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டைஆக்சைடு கலவையைச் செலுத்திய பிறகே, கடைசியாக, நீரேறிய கால்சியம் குளோரைடு 0.37 கிராம் சேருங்கள். முந்திச் சேர்த்தால் வெண்மையாகப் படிந்துவிடும். கூடவே உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. 11 மி.கி., அஸ்கார்பிக் அமிலம் 18 மி.கி. இவை இல்லாவிட்டால் நார்அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைந்து இளஞ்சிவப்பாகும். அந்தக் கரைசலை வைத்து எந்த அளவும் எடுக்காதீர்கள்.

2 மி.மீ. வளையங்களை 37 டிகிரியில், 0.5 முதல் 1 கிராம் இழுவிசையில் மாட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். 60 மில்லிமோலார் பொட்டாசியத்துக்குச் சரியாகச் சுருங்காத வளையத்தைக் கழித்துவிடலாம். குழாயைத் தளர்த்தும் பீட்டா ஏற்பிகளை அடைக்க 1 மைக்ரோமோலார் புரோப்ரனலால் போதும்.

முதலில் நார்அட்ரினலினை அரை லாக் படிகளில் (ஒவ்வொரு படியும் சுமார் மூன்று மடங்கு) ஏற்றி ஒரு வரைகோடு எடுங்கள். கழுவி, 30 நிமிடம் தடுப்பானுடன் வைத்து மறுபடி எடுங்கள். நரம்பு வழி உள்ளெடுப்பைத் தடுக்க டெசிப்ரமைன் 0.1 மைக்ரோமோலார், மென்தசை வழியைத் தடுக்கக் கார்ட்டிகோஸ்டீரோன் 30 மைக்ரோமோலார். பின்னது எத்தனாலில் கரைவதால், அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த வளையமும், எதுவும் சேர்க்காமல் இரண்டாம் வரைகோடு எடுத்த வளையமும் கட்டாயம் வேண்டும்.

வரைகோடு இடப்பக்கம் நகர்ந்தது, அதாவது குறைந்த செறிவிலேயே குழாய் சுருங்கியது, என்பதை மட்டும் வைத்து உள்ளெடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. நார்அட்ரினலினைப் போலவே ஆல்பா1 ஏற்பி வழியாகக் குழாயைச் சுருக்கும் மெத்தாக்சமினை நரம்பு முனை உள்ளே எடுப்பதில்லை. நார்அட்ரினலின் வரைகோடு நகர்ந்து மெத்தாக்சமின் வரைகோடு நகராமல் நின்றால்தான் முடிவு நிற்கும். குறைந்த செறிவில் நகர்வு பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருப்பது நல்ல அடையாளம். நரம்பு வழி குறைந்த செறிவிலேயே நிறைந்துவிடும். வலப்பக்கம் நகர்ந்தால் டெசிப்ரமைன் அளவு கூடி ஆல்பா1 ஏற்பியையே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

உடைபடுவதைப் பார்க்க விரும்பினால் சுருக்கம் போதாது. பாத் திரவத்தை உடனே 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் எடுத்துப் பனிக்கட்டியில் வையுங்கள். கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும், மின்வேதி உணரி உள்ள எச்.பி.எல்.சி. கருவி தேவைப்படும். நரம்புக்குள் போனதை மோனோஅமைன் ஆக்சிடேஸ் டைஹைட்ராக்சிஃபினைல் கிளைக்காலாக மாற்றுகிறது. மென்தசைக்குள் போனதை, மெத்தில் சேர்க்கும் காம்ட் (COMT) நொதி நார்மெட்டாநெஃப்ரினாக மாற்றுகிறது. ஆகவே டெசிப்ரமைன் முதலாவதையும், கார்ட்டிகோஸ்டீரோன் இரண்டாவதையும் குறைக்க வேண்டும்.

மாதிரியை அலுமினாவில் சுத்தம் செய்வோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அலுமினா கேட்டகால் அமைப்பைத்தான் (வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் இருப்பது) பிடிக்கும். நார்மெட்டாநெஃப்ரினில் அந்த அமைப்பில் ஒரு மெத்தில் ஏறிவிட்டதால் அது ஒட்டாமல் கழுவு நீரோடு போய்விடும். பிறகு ‘இந்தக் குழாயில் காம்ட் வேலை செய்யவில்லை’ என்று தவறாக முடிவு வரும். இரண்டு விளைபொருள்களையும் பார்க்க வேண்டுமானால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் அலுமினாவுக்கு அனுப்புங்கள். மற்றதை நேர்மின் அயனிப் பரிமாற்றப் பிசினில் ஏற்றுங்கள்.