ஒரு மாதத்தில் நாவலின் முதல் வரைவு

நவம்பர் மாதத்துக்குள் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிக்கும் சவாலின் கணக்கு எளிது: 30 நாளில் 50,000 சொற்கள், நாளுக்கு 1,667. நீங்கள் 2,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25 நாளில் முடியும். காய்ச்சல், கல்யாணம், மின்வெட்டுக்கெல்லாம் ஐந்து நாள் கையிருப்பு.

அக்டோபரிலேயே ஒரே தாளில், நாயகிக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், கடைசியில் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பிறகு காட்சிக்கு ஒரு வரியாக 40 காட்சிகள். ஒவ்வொன்றும் 1,250 சொல் வந்தால் போதும்.

பலர் கவிழ்வது இரண்டாம் வாரத்தில். அறிமுகங்கள் முடிந்திருக்கும், சிக்கல் இன்னும் இறுகியிருக்காது. அப்போது முதல் அத்தியாயத்தைத் திருத்தப் போனால் தொலைந்தது! செல்வி என்ற பாத்திரத்தின் பெயரை மீனாட்சியாக்கத் தோன்றுகிறதா? இந்த வரியிலிருந்தே மீனாட்சி. பழையதை டிசம்பரில் மாற்றலாம். தகவல் தெரியாத இடத்தில் "@@ரயில் நேரம்" என்று போட்டுத் தாண்டுங்கள். பின்னால் @@ என்று தேடினால் எல்லாம் அகப்படும். கூகுளைத் திறந்தால் அன்றைய இரவு போச்சு.

தினமும் காட்சி முடியும் முன்பே, முடிந்தால் பாதி வசனத்தில் நிறுத்துங்கள்; மறுநாள் தொடங்கத் திணற வேண்டாம்.

ரொம்பப் பின்தங்கிவிட்டால் வரிசையை விடுங்கள். மனதில் தெளிவாக இருக்கும் உச்சக்காட்சியை முதலில் எழுதி, இடைவெளிகளை அதிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள்.