டிடி 214-இல் பெயரைத் திருத்துதல்: அமெரிக்கத் திருநர் முன்னாள் படைவீரர்களுக்கான வழிமுறை

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி விடுவிக்கப்பட்டவர் கையில் எஞ்சியிருக்கும் ஆவணங்களில் டிடி 214 என்ற பணி விடுவிப்புச் சான்றுக்கு ஈடானது வேறொன்றும் இல்லை. முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரும் வேலைக்கும், வீட்டுக் கடனுக்கும், மாநில அரசுகள் தரும் வரிச் சலுகைக்கும், இறந்தபின் தேசியக் கல்லறையில் இடம் பெறுவதற்கும் அதையே கேட்கிறார்கள். அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தில், இடது மேல் மூலையில், குடும்பப் பெயர் முதலிலும் இடுபெயர் அடுத்தும் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயரும் இந்தக் கட்டத்தில் வேறொரு பெயரும் இருந்தால், எதிரே அமர்ந்திருக்கும் அலுவலர் கேட்கும் முதல் கேள்விக்கே, தாம் திருநர் என்பதை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லியாக வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார்.

விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு சட்ட நுணுக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் உள்ள 1552-ஆம் பிரிவு, படைப் பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ அந்தந்தப் படைத்துறைச் செயலருக்கு அதிகாரம் தருகிறது; அந்த அதிகாரத்தைச் செயல்படுத்துபவை படைசாராதவர்களைக் கொண்ட திருத்த வாரியங்கள். பிழை வேறு, அநீதி வேறு. பணியில் இருந்த நாளில் சட்டப்படி இருந்த பெயர்தான் படிவத்தில் உள்ளது என்றால், அதைப் பிழை என்று வாதிடுவது எளிதல்ல. விடுவிப்புச் சான்று என்பது விடுவிக்கப்பட்ட நாளின் நிலையைக் காட்டும் பதிவு, பின்னர் நடந்த பெயர் மாற்றம் அதைத் தொடாது என்ற காரணத்தைச் சொல்லித்தான் இத்தகைய கோரிக்கைகள் முன்பு மறுக்கப்பட்டு வந்தன. 2014 நவம்பரில் தரைப்படையின் திருத்த வாரியம், திருநர் முன்னாள் படைவீரர்கள் இருவருக்குப் புதிய பெயரில் டிடி 214 வழங்க ஆணையிட்டபோது அந்தக் காரணம் அசைந்தது. எனவே விண்ணப்பத்தின் முழு எடையையும் ‘அநீதி’ என்ற சொல்லின் மேல் வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எழுத்துப் பிழை இதில் சேராது. பணிக்காலத்தில் இருந்த பெயரே தவறாக அச்சாகியிருந்தால், வாரியத்துக்குப் போகாமல், அந்தப் படையின் பணியாளர் பிரிவுக்கு எழுதினால் டிடி 215 என்ற திருத்தத் தாளை அனுப்புவார்கள். அதேபோல, விடுவிப்பின் தன்மையை, அதாவது மதிப்புடன் விடுவிக்கப்பட்டவரா இல்லையா என்ற வகைப்பாட்டை, உயர்த்தக் கேட்பதும் வேறு வழக்கு. அதற்கு டிடி 293 படிவம், விடுவிப்பு மீளாய்வு வாரியம், 15 ஆண்டுக் கெடு என்று தனிப் பாதை உண்டு. பாலியல் நாட்டத்தையோ பாலின அடையாளத்தையோ காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர்களுக்கு இரண்டு குறைகளும் சேர்ந்தே இருக்கலாம். ஆனாலும் இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், எளிதில் தீரக்கூடிய பெயர்க் கோரிக்கை கடினமான மற்றதோடு சேர்ந்து தேங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

முதல் வேலை நீதிமன்றத்தில் தொடங்குகிறது. தாம் வாழும் மாநிலத்தின் நீதிமன்றத்தில் பெயர் மாற்ற ஆணை பெற வேண்டும். சில மாநிலங்களில் அதைச் செய்தித்தாளில் விளம்பரப்படுத்த வேண்டும் என்ற விதி உண்டு. பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த விளம்பரத்திலிருந்து விலக்கும், கோப்பை மூடி வைக்கும் ஆணையும் கேட்க முடியுமா என்பதை மனுத் தாக்கல் செய்யும்போதே விசாரித்துவிட வேண்டும், ஏனெனில் ஒருமுறை அச்சேறிய பெயரைத் திரும்பப் பெற முடியாது. ஆணை கிடைத்ததும், நீதிமன்ற முத்திரையுடன் கூடிய சான்றளிக்கப்பட்ட நகல்களைத் தேவைக்கு மேலாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்து சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயரை மாற்றி, அதன்பின் ஓட்டுநர் உரிமத்தை மாற்றுவது வழக்கமான வரிசை. ஓய்வூதியம் பெறுபவராக இருந்தால், படையின் அடையாள அட்டை வழங்கும் அலுவலகத்தில் டீர்ஸ் எனப்படும் படைத்துறைச் சலுகைத் தகுதிப் பதிவையும் மாற்ற வேண்டும். வாரியத்தின் முன் கோப்பு போகும்போது, மற்ற எல்லா அரசுப் பதிவுகளிலும் புதிய பெயர் ஏறிவிட்டது, இந்த ஒரு தாள் மட்டுமே பின்தங்கி நிற்கிறது என்று காட்ட முடிவது வாதத்துக்குப் பெரிய பலம்.

தம்மிடம் டிடி 214 இல்லாதவர்கள் ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180 என்ற கோரிக்கைப் படிவம் வழியாகவோ இணையம் வழியாகவோ செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் நகல் கேட்கலாம். பழைய பெயரையும் பணிக்காலத்தையும் அதில் தவறாமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கோப்பைத் தேடி எடுப்பது கடினம். மிக மூத்தவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1973 ஜூலையில் அந்த மையத்தில் ஏற்பட்ட தீ விபத்தில், 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது, 1947-க்கும் 1963-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட விமானப்படையினரின் கோப்புகளும் பெருமளவில் எரிந்தன. அந்தக் காலத்தவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள் எதையும் தூக்கி எறியக் கூடாது.

இனி டிடி 149. இதுவே திருத்த வாரியத்துக்கான விண்ணப்பம், கட்டணம் கிடையாது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒரே வாரியம். விண்வெளிப் படையினர் விமானப்படை வாரியத்துக்கும், கடலோரக் காவல்படையினர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்பது படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெயர் கேட்கும் இடத்தில் இப்போதைய சட்டப் பெயரை எழுதி, பணிக்காலத்துப் பெயரையும் அருகில் குறிப்பிட வேண்டும். பழைய பெயரை எழுத மனம் ஒப்பாதது இயல்பே. ஆனால் கோப்பு அந்தப் பெயரில்தான் அடுக்கில் இருக்கிறது.

கோரிக்கையை எழுதும் இடத்தில் சொற்களை அளந்து பயன்படுத்த வேண்டும். ‘என் பெயரைத் திருத்தவும்’ என்று மட்டும் எழுதினால், பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும் டிடி 215 தாள் வந்து சேரக்கூடும். அதைப் பழைய 214-உடன் இணைத்துத்தான் காட்ட வேண்டும் என்பதால், மறைக்க நினைத்ததே முன்னால் வந்து நிற்கும். ஆகவே, ‘முதல் கட்டத்தில் என் இப்போதைய சட்டப் பெயரைக் கொண்ட புதிய டிடி 214 வழங்க வேண்டும், 18-ஆம் கட்டமான குறிப்புப் பகுதி உட்பட அதன் எந்தப் பகுதியிலும் பழைய பெயர் இடம்பெறக் கூடாது, பழைய படிவமும் இந்த விண்ணப்பமும் பொதுப் பார்வைக்கு வராத பிரிவில் வைக்கப்பட வேண்டும்’ என்று மூன்றையும் தனித்தனியே கேட்பது பாதுகாப்பானது. படிவத்தின் இப்போதைய வடிவத்தில் பாலினத்துக்கென ஒரு கட்டமே இல்லை என்பதால், பாலினக் குறியீட்டைப் பற்றிய வாதத்தை இதற்குள் கொண்டுவர வேண்டியதில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

காரணம் எழுதும் பகுதியில் பலர் தம் வாழ்க்கைக் கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். வாரியம் தேடுவது அந்தக் கதையையல்ல, பழைய பெயரால் விளையும் தீங்கையே. ‘இந்தப் பெயரைப் பார்த்தாலே எனக்கு வேதனையாக இருக்கிறது’ என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை எடைபோட வாரியத்துக்கு அளவுகோல் கிடையாது. ‘வேலைக்கான நேர்முகத்தில் டிடி 214-ஐக் காட்டியபோது, அது வேறொருவருடையது என்று கருதி அலுவலர் ஏற்க மறுத்தார்; அது என்னுடையதே என்று மெய்ப்பிக்க என் மருத்துவ வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று; முன்னுரிமைப் புள்ளிகள் கிடைக்கத் தாமதமானது’ என்று நாள், இடம், விளைவு மூன்றோடும் எழுதப்பட்ட வாக்கியம் அநீதியைக் கண்முன் நிறுத்தும். அப்படி எதுவும் இதுவரை நடக்கவில்லை என்றால், நடக்கக்கூடியதை நேர்மையாக எழுதினால் போதும். நடக்காததை நடந்ததாக எழுதுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்ற எச்சரிக்கை படிவத்திலேயே இருக்கிறது.

சட்டம் மூன்றாண்டுக் கெடு வைக்கிறது. பிழையையோ அநீதியையோ கண்டறிந்த நாளிலிருந்து அது எண்ணப்படுகிறது. கெடு கடந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். நீதியின் நலன் கருதி அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பெயர் மாற்ற ஆணை வந்த நாளில்தான் இந்த முரண்பாடே பிறந்தது என்று, விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து அல்லாமல் அந்த நாளிலிருந்து கணக்கிட்டு விளக்கலாம்.

இணைப்பில் நீதிமன்ற ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகல், இருக்கும் டிடி 214, புதிய பெயரில் உள்ள அடையாள ஆவணங்கள், சம்பவங்களை நேரில் கண்டவர்களின் கையொப்பமிட்ட கடிதங்கள் ஆகியவை இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு மருத்துவச் சான்று எதுவும் சட்டப்படி தேவையில்லாதபோது, அறுவை சிகிச்சை விவரங்களைத் தாமாகவே இணைப்பது வீண். வாரியங்களின் பழைய தீர்ப்புகள் தனிப்பட்ட அடையாளங்கள் நீக்கப்பட்டு இணைய வாசிப்பு அறையில் வைக்கப்பட்டுள்ளன. தம் படையின் வாரியம் பெயர்க் கோரிக்கையை ஏற்ற ஒரு தீர்ப்பைத் தேடியெடுத்து, அதன் எண்ணைக் குறிப்பிட்டு, அதே அணுகுமுறையைக் கேட்பது பத்துப் பக்க உணர்ச்சி உரையைவிடப் பயன் தரும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, 2003-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் திருநர் முன்னாள் படைவீரர் சங்கம் போன்ற அமைப்புகள் வழி காட்டக்கூடும்.

2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட நிர்வாக ஆணைகள் திருநர்கள் படையில் பணியாற்றுவதைத் தடுக்கும் கொள்கையைக் கொண்டுவந்தன. வழக்குகள் நிலுவையில் இருக்கும்போதே அதைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் அனுமதித்தது. அந்த ஆணைகளால் 1552-ஆம் பிரிவு மாறவில்லை. ஆயினும் வாரியங்கள் அதே துறைகளின் கீழ்தான் இயங்குகின்றன என்பதால், 2014-க்குப் பிந்தைய தீர்ப்புகளை மட்டும் நம்பி இராமல், அனுப்புவதற்கு முன் வாரியத்தின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு இப்போதைய நடைமுறையைக் கேட்டறிவது அவசியம்.

அனுப்பியபின் பொறுமை வேண்டும். வாரியங்கள் 90 சதவீத விண்ணப்பங்களைப் பத்து மாதங்களுக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதங்களுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடையில் வீடு மாறினால் முகவரியைத் தெரிவிக்க மறக்கக் கூடாது. மறுப்பு வந்தால், முன்பு வாரியத்தின் முன் வைக்கப்படாத புதிய ஆதாரத்துடன் மறுபரிசீலனை கேட்கலாம். அதே தாள்களைத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. அதுவும் பலிக்காவிட்டால் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போவதானால் வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம்.

புதிய படிவம் வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக ஒப்பிட வேண்டும். பதக்கங்கள், பணி நாட்கள், 23 முதல் 30 வரையுள்ள கீழ்ப்பகுதி, இவற்றில் எதுவும் தட்டச்சில் விடுபட்டிருந்தால் அதைச் சரிசெய்ய மீண்டும் எழுத நேரும். 11-ஆம் கட்டத்தில் உள்ள பணிப்பிரிவை மாற்றக் கேட்க இயலாது; பெண்களுக்கு எல்லாப் போர்ப் பணிகளும் திறக்கப்பட்டது 2016-இல்தான் என்பதால், அதற்கு முன் காலாட்படையில் இருந்த ஒரு திருநங்கையின் படிவம், பெயர் மாறிய பிறகும் கூர்ந்து பார்ப்பவருக்கு ஏதோ சொல்லத்தான் செய்யும். அது அவர் உழைத்துப் பெற்ற பதிவு. அதை அழிக்கக் கேட்பதில் நியாயமும் இல்லை.

பலர் மறக்கும் ஓரிடம் மாவட்டப் பதிவு அலுவலகம். தொலைந்துவிடக் கூடாது என்று டிடி 214-ஐ அங்கே பதிவு செய்து வைப்பது முன்னாள் படைவீரர்களிடையே நெடுநாள் வழக்கம். சில மாவட்டங்களில் அந்தப் பதிவு யாரும் பார்க்கக்கூடியது. அங்கே சென்று பழைய பதிவை நீக்கவோ மறைக்கவோ கேட்டுவிட்டுப் புதியதைப் பதிவு செய்யலாம். முன்னாள் படைவீரர் நலத்துறை, ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம், பணியமர்த்தியவரின் கோப்பு ஆகியவற்றுக்கும் புதிய நகலை அனுப்ப வேண்டும். செயின்ட் லூயிஸில் உள்ள கோப்பு மட்டும் முழுவதும் மாறாது. விடுவிக்கப்பட்டு 62 ஆண்டுகள் கடந்ததும் அது ஆவணக் காப்பகத்தின் பொதுச் சொத்தாகி, கேட்பவர் யாருக்கும் திறந்துவிடப்படும்.