எல்லையோரத்தில் எழுதுகிறவருக்கு: யார் படிப்பார்கள், எங்கே போடுவது?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கமோ, மூணாறு, பீர்மேடு மலையிலோ இருந்துகொண்டு தமிழில் சொந்தக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் 'எங்கே வெளியிடலாம்' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் யார் படிப்பார்கள் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். எல்லையில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் தமிழ் படிக்கிறவர்கள் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லும் பழமொழி புரியும்; அதையே அச்சில் பார்த்தால் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

முதல் வேலை, உங்களுக்குத் தெரிந்த முப்பது பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதுவது. சரளமாகப் படிப்பவர், மெதுவாகப் படிப்பவர், கேட்க மட்டும் தெரிந்தவர் என மூன்றாகப் பிரியுங்கள். 'தமிழ் வாசிப்பீங்களா' என்று கேட்டால் மரியாதைக்காக எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அரைப் பக்கம் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் முதல் வகை. விரல் வரியோடு நகர்ந்தால் இரண்டாவது. 'கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படிச்சுச் சொல்லு' என்றால் பெரும்பாலும் மூன்றாவது வகைதான். மேற்கொண்டு கிளறாதீர்கள்.

மூன்றாம் வகையினரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது தவறு, எல்லையில் பெரிய கூட்டமே அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. நிமிடத்துக்கு நூறு சொல் என்று நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்நூறு சொல் முடியும்; அதற்கு மேல் நீண்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதியுங்கள்.

இன்னொன்று, தமிழையே மலையாள எழுத்தில் அச்சிடுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினிக் கருவிகள் எழுத்துக்கு எழுத்து மாற்றும், ஒலியைப் பார்க்காது. 'பயம்' என்பதை அப்படியே மாற்றினால் மலையாளம் படித்தவர் முதல் எழுத்தைப் 'பல்' என்பதில் வருவது போல வல்லோசையில் வாசிப்பார். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கும் சொல்லுக்கும் ஏற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும், மலையாளத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து இருக்கிறது. எனவே மாற்றிய பிறகு சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ட, த, ப எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒலிப்படி திருத்த வேண்டும். மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பையனைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பிழைகள் தானே வெளியே வரும்.

மற்ற இரண்டு வகைக்கும் கையடக்கப் புத்தகம் போதும். A4 தாளை நடுவில் மடித்தால் A5. ஒரு தாளுக்கு நான்கு பக்கம், ஆகவே மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 32 பக்கம் சரியான அளவு: எட்டுத் தாள், மேலே ஓர் அட்டை. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் போக ஏறக்குறைய 28 பக்கம் மிஞ்சும். பக்கத்துக்கு 170 சொல் என்றால் நாலாயிரத்து எழுநூறு சொல் பிடிக்கும். மெதுவாகப் படிப்பவர்கள் அதிகம் என்றால் எழுத்தளவை 11-இலிருந்து 13 புள்ளிக்கு ஏற்றி, ஒவ்வொரு குறிப்பையும் முந்நூறு சொல்லுக்குள் நிறுத்துங்கள். வரிகளை இருபக்கமும் சமன் செய்யாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சின்னப் பக்கத்தில் சமன் செய்தால் இடையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். கேரளத்து டிடிபி (கணினித் தட்டச்சு, பக்க அமைப்பு) கடைகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம்; பொள்ளாச்சிப் பக்கக் கடைகளில் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறவர்கள் உண்டு. அங்கே உங்கள் கோப்பை மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து 'கொ' சிதறும், மேற்கோள் குறிகள் வேறு ஏதோவாக மாறும். அதனால் வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவில் பக்கம் அமைத்து, எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டு போங்கள்.

அச்சிடும்போது பிடிஎஃப் மென்பொருளில் 'புக்லெட்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பக்க வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். இருபக்க அச்சில் குறுகிய விளிம்பில் திருப்பும்படி சொல்ல வேண்டும். நீள விளிம்பு என்று விட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகு மீதியைச் சொல்லுங்கள். உள்ளே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கன அளவு). அட்டையை மடிக்கும் முன் கோடு அழுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முதுகில் வெடிக்கும். மடிப்பில் தலையிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் ஒன்று, அடியிலிருந்து ஐந்தில் ஒன்று என இரண்டு பின். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்புக்கு எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் உள்ள கடையாகப் பாருங்கள். மடித்த தாள்களில் உள்தாள் வெளியே துருத்தும். ஓரத்தை வெட்டும்போது எழுத்து போய்விடாமல் வெளி ஓரம் 15 மில்லிமீட்டராவது விடுங்கள்.

உரிமைப் பக்கத்தில் உங்கள் பெயர், ஆண்டு, அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர் இருக்கட்டும். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். 'மலர் 1, இதழ் 1' என்று மட்டும் அட்டையில் போட்டுவிடாதீர்கள். குறித்த இடைவெளியில் வந்து பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ தாங்கும் வெளியீடு 2023-ஆம் ஆண்டுப் பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியது. புத்தகம் அதில் வராது. இன்னொன்று: அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுதினால் பெயரை மாற்றுவது போதாது. பத்து வீடு உள்ள லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) 'மூக்குத்தி போட்ட கங்காணி மருமகள்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். தொழில், வீடு, உறவு மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள்.

இலக்கிய இதழ்களுக்கு அனுப்புவதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும். மூன்று மாதம் பதில் வரவில்லையென்றால் ஒரு நினைவூட்டல், பிறகு திரும்பப் பெறுவதாக ஒரு வரி, அப்புறம் அடுத்த இதழ். 'வாயனசாலை' (படிப்பகம்), 'லயம்' மாதிரி நம் ஊர்ச் சொற்களை நீக்கிச் சென்னைத் தமிழாக்கி அனுப்ப வேண்டாம். இடத்திலேயே பொருள் புரியும்படி எழுதினால் போதும்.

ஐம்பது பிரதிக்கு மேல் முதலில் அச்சிடாதீர்கள். பத்து, நோட்டில் உள்ள முதல் வகையினருக்கு. ஐந்து, கிராம வாயனசாலைகளுக்கு. செயலாளரை நேரில் பார்த்துக் கொடுங்கள். கேரளத்தில் ஜூன் 19, நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் நினைவாக வாசிப்பு நாள், அந்த வாரம் போனால் மேசையிலேயே வைப்பார்கள். இரண்டு, சலூனுக்கும் டீக்கடைக்கும். வெளியூருக்கு அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. விளம்பரம் போட்ட புத்தகத்தையும் பருவ இதழையும் அதில் எடுக்க மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சலூன் பிரதியைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் மடிப்பும் விரல் அழுக்கும் அதிகம், எது இன்னும் மொறமொறவென்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேப்ளர் பின் தெரியும் நடுப்பக்கம் தானாகவே திறந்துகொள்ளும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுக்கான குறிப்புகளைத்தான் அடுத்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.